சொட்டாத பாட்டில்

குளுக்கோஸ் பாட்டிலைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

கல்மண்டபம் பகுதியில், என் கிளினிக்குக்குப் பக்கத்துச் சந்தில் அந்த நோயாளியின் வீடு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். நுரையீரலில் புற்றுநோய். பெரிய ஆஸ்பத்திரியில், இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒன்றுமில்லையாம்! வலிக்கு மருந்து இருக்கிறது, மூச்சுத்திணறலுக்கு மருந்து இருக்கிறது, பக்கத்தில் உட்கார ஒரு நாற்காலி இருக்கிறது. இதெல்லாம் எங்கள் படிப்பில் வைத்தியமாகவே சேர்த்தி இல்லை. நான் தினமும் போய்ப் பார்த்தேன். வலி அடங்கி, இரண்டு வாய் கஞ்சி குடித்தார்.

அவர் மனைவிக்கு அது போதவில்லை.

"இன்னா டாக்டரம்மா, ஒரு பாட்டில்கூட ஏத்தாம வுட்டுக்கினு கீறீங்க? வந்து பாக்கறவங்கல்லாம் கேக்குறாங்க."

இந்த உடம்பு அவ்வளவு தண்ணீரைத் தாங்காது, நெஞ்சில்தான் கோத்துக்கொள்ளும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். மறுநாள் போனால் ஜன்னல் கம்பியில் பாட்டில் தொங்குகிறது. யாரோ கம்பவுண்டரை அழைத்து வந்து ஏற்றியிருந்தார்கள். அவர் நெஞ்சுக்குள் கரகரவென்று சத்தம். பேச முடியவில்லை. எனக்கு வந்த கோபத்தில் குழாயைப் பிடுங்கப் போனேன். அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கயட்டாதீங்கம்மா. புருசன சும்மா போட்டு சாவடிச்சுட்டான்னு நாளைக்கு என்னத்தான் சொல்லுவாங்க."

அந்தம்மாவைத் திட்ட வாய் வரவில்லை. காய்ச்சலா, பாட்டில்; அசதியா, பாட்டில் என்று இந்த ஊரைப் பழக்கியது டாக்டர்கள் நாங்கள்தானே. யார் மேல் கோபப்படுவது?

பாட்டிலைத் தொங்கியபடியே விட்டுவிட்டு, சொட்டு இறங்காதபடி குழாயிலிருந்த சின்னச் சக்கரத்தை மட்டும் இறுக்கி மூடினேன். நெஞ்சிலுள்ள நீர் இறங்க ஊசி போட்டேன். சாயங்காலம் வந்த சொந்தக்காரர்கள் பாட்டிலைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்கள். படுத்திருந்தவரை யாரும் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

அடுத்த நாள் அவருக்கு மூச்சு கொஞ்சம் ஆறியிருந்தது. மனைவி டீ வாங்கப் போயிருந்தார். அவர் பாட்டிலைக் காட்டினார்.

"சொட்டல."

நான் விளக்க வாயெடுத்தேன். கையசைத்து நிறுத்தினார்.

"தெரியும்மா. நாள் பூரா அதத்தான பாத்துக்கினு படுத்துக்கிறேன். அவகிட்ட சொல்லாதீங்க. அது தொங்குதுன்னுதான் கொஞ்சம் தூங்குறா."

மூச்சு வாங்கி, மறுபடி சொன்னார்.

"ஆனா குறையலன்னா சந்தேகம் வரும். கொஞ்சம் கீய ஊத்திட்டுப் போங்க."

குழாயை அவர் கையிலிருந்து கழற்றி, ஒரு டம்ளர் அளவு பிடித்து, வாசல் சாக்கடையில் ஊற்றினேன். அவர் போகும்வரை தினமும் ஊற்றினேன்.