ஆற்றில் தேடிய அட்டிகை

கடலூருக்குப் போனவர்கள் அண்ணன், அண்ணி, நான். உழவு மாட்டில் ஒன்று செத்துப்போயிருந்தது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவரிடம் வேறு மாடு பேசி, அன்று பொழுது சாய்வதற்குள் பணம் தருவதாகச் சொல்லியிருந்தோம். அதற்கு அண்ணியின் பழைய அட்டிகையை விற்க வேண்டும். ஊர் ஆசாரி ஒரு விலை சொன்னார், புதுச்சேரிக் கடைக்காரர் ஒரு விலை சொன்னார். எங்கே கொடுப்பது என்று புரியவில்லை. கடலூரில் இன்னும் அதிகமாகக் கிடைக்கும் என்றார்கள். எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரன் எல்லை, கடலூர் இங்கிலீஷ்காரன் எல்லை. நடுவில் ஆறு, ஆற்றங்கரையில் சுங்கச் சாவடி, அதில் ஒரு சேவகன்.

"கழுத்துல போட்டுக்கினு வா. கேக்கமாட்டான்" என்றார் அண்ணன்.

கேட்கவில்லை. கடலூரில் அட்டிகையை விற்றோம். அண்ணி பணத்தை மடியில் முடிந்துகொண்டார். திரும்பும்போது அதே சேவகன் மறித்தான்.

"ஏம்மா, போவசொல்ல கழுத்துல இருந்துச்சே, எங்க?"

விற்றது தெரிந்தால் தீர்வை போடுவான்.

"ஐயோ, ஆத்துல வுழுந்துடுச்சே!" என்று அண்ணி கத்தினார்.

சேவகன் இரக்கப்பட்டு மணலில் இறங்கினான். துணி துவைத்தவர்களையும் கூப்பிட்டான். எந்த இடம் என்று கேட்டதற்கு அண்ணன் ஒரு பக்கம் காட்டினார், அண்ணி மறுபக்கம். கொஞ்ச நேரத்தில் நானும் நிஜமாகவே தேட ஆரம்பித்துவிட்டேன்.

பொழுது சாய்ந்தது. மாடு விற்கிறவர் எங்களைக் காணாமல் மாட்டையே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். விஷயம் கேட்டு அவரும் இறங்கினார்.

அண்ணி அவர் பக்கத்தில் போய் மெல்ல, "மாட்டை வேற யாருக்கும் குடுத்துடாதீங்க மாமா, பணம் இருக்குது" என்றார்.

"அப்ப இன்னாத்தம்மா தேடறோம்?" என்றார் அவர், கையை மணலிலிருந்து எடுக்காமல்.

அந்நேரம் ஆற்றில் தேடிக்கொண்டிருந்தவர்கள் பதினொரு பேர்.