கெட்ட மீன் சாப்பிட்டவள்

எனக்குக் கோபம் அதிகம். மலைமேல் இருக்கும் வாழவந்தி நாட்டில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் என் தையல் கடை. நான் கத்தினால் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். "ரவிக்கை கை பிடிக்குதுங்க" என்று எவளாவது வந்தால், "பிடிக்கிறது என் தையலா, நீ தின்ன பலாப்பழமா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவேன். மறுநாள் அவளே அடுத்த துணியோடு வருவாள். திட்டு வாங்காமல் தைத்து வாங்கினால் ரவிக்கை சரியாக உட்காராது என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது.

அப்படிப்பட்டவளுக்கு ஒருநாள் கோபம் வரவில்லை. ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் தைத்திருக்கிறேன் என்று ஒருத்தி சண்டைக்கு வந்தாள். "சரிங்க, பிரிச்சுத் தரேன்" என்றேன். அவள் பயந்துபோய் அங்கிருந்தே என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுவிட்டாள்.

அதன் பிறகு கோபம் மட்டுமல்ல, எதுவுமே வரவில்லை. பசி, தூக்கம், அழுகை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விட்டன. கடை பூட்டிக் கிடந்தது. நான் கட்டிலில் கிடந்தேன். ஏழெட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டும், ஒன்றை மாற்றி இன்னொன்று சாப்பிட்டும் பயனில்லை. கடைசியில் சேலத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். எப்படி இருக்கிறது என்று கேட்டார். "இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரிங்க" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்தார்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்க வேண்டுமாம். இந்த நோயில் சில பகுதிகள் தங்களுக்குள்ளேயே பேசிச் சுற்றிக்கொண்டிருக்கும், மற்ற இடங்களோடு தொடர்பு குறைந்துவிடும். கெட்டமைன் என்றொரு மருந்து இருக்கிறது. மயக்கத்துக்குக் கொடுப்பதையே அளவு குறைத்து ஏற்றினால், அந்தச் சுற்றல் கலைந்து இணைப்புகள் புதிதாகச் சேர வழி கிடைக்கிறது என்று நினைக்கிறார்கள். முழுக்கதை இன்னும் யாருக்கும் தெரியாது என்றும் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன முதல் டாக்டர் அவர்தான்.

என் வீட்டுக்காரர் லைன்மேன். இணைப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"அப்ப மூணு பேஸ்லயும் கரண்டு லோடு பிரிஞ்சு போகாம, எல்லாம் ஒரே பேஸ்ல ஓடுதுங்க. அப்படித்தானுங்களே?"

டாக்டரம்மா கொஞ்சம் யோசித்து, "ஏறக்குறைய அப்படித்தாங்க" என்றார். அந்த ஏறக்குறையைச் சொல்லியிருக்க வேண்டாம். அன்றிலிருந்து என் மூளைக்கு என் வீட்டுக்காரரே பொறுப்பு அதிகாரியாகிவிட்டார்.

வாரம் இரண்டு தடவை மருந்து. படுக்க வைத்து, ரத்த அழுத்தம் பார்த்துப் பார்த்து, முக்கால் மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். முதல் தடவை, என் கை கால் தலையெல்லாம் அளவெடுத்து வெட்டி மேசைமேல் வைத்த துணிகள் போலத் தனித்தனியாகக் கிடந்தன. தைக்க வேண்டியவள் நான்தான், ஆனால் நான் எந்தத் துண்டில் இருக்கிறேன் என்று தெரியவில்லை. பெயர் கேட்ட நர்ஸிடம் "முப்பத்தாறு இஞ்ச்" என்று சொன்னேனாம். என் வீட்டுக்காரர், "சப்ளை இன்னும் வரலீங்க" என்று அவருக்கு விளக்கம் கொடுத்தாராம்.

மயக்கம் முழுக்கத் தெளிந்து, டாக்டரம்மா போகலாம் என்று சொன்ன பிறகுதான் கிளம்பினோம். ஆனால் எங்கள் மலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள். நல்ல உடம்போடு ஏறினாலே குடல் வாய்க்கு வரும். நாற்பதோ நாற்பத்தொன்றோ, ஒரு வளைவில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி எல்லாவற்றையும் கொட்டினேன். முன் இருக்கையில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா.

"ஏனுங்க தம்பி, புள்ளைக்கு என்னாச்சு?"

"கெட்டமினுங்க" என்றார் என் வீட்டுக்காரர். மருந்தின் பெயரை அவர் உள்ளங்கையில் அப்படித்தான் எழுதி வைத்திருந்தார்.

"கெட்ட மீனா?"

"ஆமாங்க. சேலத்துல."

பஸ் மேலே ஏறிச் சோளக்காட்டைத் தொடுவதற்குள் நான் சேலத்தில் கெட்ட மீன் தின்றவளாகிவிட்டேன். மறுநாள் காலை வீட்டில் கூட்டம். ஒருத்தி மிளகு கஷாயம் கொண்டுவந்தாள். இன்னொருத்தி, செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்குவது பெண்பிள்ளைக்கு அழகா என்று கேட்டாள். பக்கத்து வீட்டு அக்கா என் நெற்றியைத் தடவி, "மோந்து பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்குமே கண்ணு" என்றார். பழைய நானாக இருந்தால் அத்தனை பேரையும் கஷாயத்தோடு விரட்டியிருப்பேன். நான் கஷாயத்தைக் குடித்தேன். அதைப் பார்த்து என் வீட்டுக்காரர் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டார்.

நான்காவது தடவை மருந்து ஏற்றியபோது, வீட்டில் இரண்டு நாள் அமைதியாக இருக்கட்டும் என்றார் டாக்டரம்மா. லைன்மேன்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கம்பத்தில் ஏறுவதற்கு முன் 'லைன் கிளியர்' வாங்குவார்கள்; சுருக்கமாக எல்.சி. அதைத் திருப்பிக் கொடுக்கும்வரை அந்த லைனின் சுவிட்சில் யாரும் கை வைக்கக் கூடாது. வைத்தால் மேலே இருப்பவன் போய்விடுவான். டாக்டரம்மா சொன்னதை என் வீட்டுக்காரர் அப்படியே எடுத்துக்கொண்டார். வீட்டுக்காரிக்கு லைன் கிளியர் வாங்கியிருக்கிறது, யாரும் வரக் கூடாது என்று ஊருக்கே சொல்லிவிட்டார். இது எதுவும் உள்ளே படுத்திருந்த எனக்குத் தெரியாது. யாரும் வரவில்லையே என்று மட்டும் தோன்றியது. அப்படித் தோன்றியதே புதிது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலை வாசலில் சத்தம். மொபெட்டில் மீன் கொண்டுவரும் பாய் வந்திருந்தார். அடிவார ஊர்க்காரர், பல வருடமாக எங்களுக்கு மீன் தருபவர். கெட்ட மீன் கதை எப்படியோ அவர் தலையில் வந்து விடிந்திருந்தது.

"ஒரு வாரமா ஒருத்தரும் கிட்ட வர மாட்டேங்கிறாங்க. என்ற மீனுல என்னங்க குத்தம்? அம்மாவைக் கூப்பிடுங்க, அவங்க வாயால சொல்லட்டும்."

"அதெல்லாம் பேசக் கூடாதுங்க. எல்.சி. இருக்குது. எழுதியிருக்கறது தெரியலீங்களா?" என் வீட்டுக்காரரின் குரல்.

என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க எழுந்து வந்தேன். எங்கள் வீட்டுக் கதவில் ஒரு சிவப்புப் பலகை தொங்கியது. 'சுவிட்சைப் போடாதே. ஆட்கள் வேலை செய்கிறார்கள்.'

முதலில் காது சூடானது. பிறகு உள்ளங்கை. அது என்னவென்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. அடையாளம் தெரிவதற்குள் வாய் திறந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் புருஷனைத் திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவோம். "உங்களுக்கு அறிவு இருக்குதுங்களா? நான் பொண்டாட்டியாங்க, டிரான்ஸ்பார்மருங்களா? எந்த ஆளுங்க இங்க வேலை செய்யறாங்க, கூப்பிடுங்க பாக்கலாம்! பாய் பொழப்புல மண்ணைப் போட்டீங்களே, அவரு பாவம் உங்களைச் சும்மா விடுமுங்களா?" பாய், "பரவாலீங்கம்மா, பரவாலீங்கம்மா" என்று பின்வாங்கி மொபெட்டில் இடித்துக்கொண்டார். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அக்கா வாயில் கைவைத்து நின்றார். என் வீட்டுக்காரர் மட்டும் சிரித்துக்கொண்டே நின்றார். அது இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

திட்ட ஆரம்பித்தவளுக்குக் கண்ணில் பட்டதெல்லாம் குற்றம். துவைத்த துணி ஈரத்தோடு காப்பிச் செடிகளின் மேல் கிடந்தது. ஆடுகள் கட்டாமல் திரிந்தன.

"துணியை ஏனுங்க செடி மேல போட்டு வெச்சிருக்கீங்க? கொடிக் கவுறு எங்கீங்க?"

அவர் சிரிப்பு நின்றது.

"ஆபீஸ்ல இருக்குது."

"ஆபீஸ்ல எதுக்குங்க?"

அவர் பாயைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். "அன்னிக்கு டாக்டரம்மாகிட்ட ஒண்ணு சொன்னியே கண்ணு. அன்னிக்கு வந்ததுமே அவுத்துட்டேன். ஆட்டுக் கவுறு, ஏணிக் கவுறு, எல்லாத்தையும்."

பாய் மீன் பெட்டியின் மூடியைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார். மூன்று வாரமாக என் சேலைகள் செடிமேல் காய்ந்திருக்கின்றன, நான் பார்க்கவில்லை. மூன்று வாரமாக ஆடுகள் ஊரார் மரவள்ளியைத் தின்றிருக்கின்றன. இதைப் பற்றி என்னிடம் வாயே திறக்காத இந்த மனுஷர் அத்தனை பேரிடமும் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டு வந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. மாதக்கணக்கில் வராத அழுகை. அவருக்கு நான் எவ்வளவு பயத்தைக் கொடுத்திருக்கிறேன் என்று நினைத்து, வாசற்படியில் உட்கார்ந்து சத்தமாகவே அழுதேன். அவரும் அழுதார். பாய்க்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

இதோடு நோய் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய். மாத்திரை இன்னும் உண்டு, சேலமும் உண்டு, சில வாரங்கள் மோசமாகவே போகின்றன. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். இருந்தாலும் சரி என்பதற்கும் இருக்க வேண்டும் என்பதற்கும் நடுவில் எங்கோ வந்திருந்தேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போய் எடுத்துட்டு வாங்க" என்றேன். "துணி ஈரமாக் கிடக்குது."

"இப்பவேவா?"

"இப்பவேதாங்க."

அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வண்டியை எடுத்தார். அவர் வருவதற்குள் பாயிடம் ஒரு கிலோ மீனை ஊர் பார்க்க மோந்து, செவுளைத் தூக்கிப் பார்த்து, சத்தமாக நல்ல மீன் என்று சொல்லி வாங்கினேன்.

கயிறு வந்தது. இரண்டு சவுக்கு மரங்களுக்கு நடுவில் இழுத்துக் கட்டினார். நான் சேலைகளை ஒவ்வொன்றாக உதறிப் போட்டேன். முடிச்சு இறுகித்தான் இருந்தது. ஆனாலும் கடைசித் துணியைப் போட்டு முடிக்கும்வரை அவர் அந்தக் கயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.