புற்றுக்குப் பால் ஊற்றிய வீடு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் தானாகக் கதவைத் திறந்துகொண்டது.

மூடினேன். நாற்காலிக்குத் திரும்புவதற்குள் மறுபடி திறந்தது.

"ரப்பர் போயிருச்சு போல" என்றாள் என் மனைவி சரோஜா. எதற்கும் ஒரு காரணத்தைத் தயாராக வைத்திருப்பவள்.

ரப்பர் நன்றாகத்தான் இருந்தது. சந்தேகம் தீர ஒரு எலுமிச்சம்பழத்தைத் தரையில் வைத்தேன். அது கொஞ்சம் யோசித்தது. பிறகு உருண்டது. மேசைக் காலைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருக்கும் சாமி மேடை மூலையில் போய் நின்றது. அந்த மூலைக்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

எங்களுடையது கிள்ளானில் ஒரு பழைய பலகை வீடு. வெள்ளம் வரும் ஊர் என்பதால் கட்டியவர்கள் மரத் தூண்களின் மேல் தூக்கிக் கட்டிவிட்டார்கள். வீட்டுக்கு அடியில் குனிந்து போகலாம்; உட்கார்ந்தால் தலை இடிக்காது. அங்கே ஓட்டைச் சைக்கிள், பெயின்ட் டின்கள், கோழிக்கூடு... அப்புறம் ஒரு புற்று.

சாமி மேடைக்குக் கீழே இருந்த தூணைச் சுற்றிலும் வளர்ந்து, அதை முழுசாக மூடி, தரையைத் தாங்கும் கட்டையையே தொட்டுவிட்ட புற்று. கறையான் வேலை. ஆனால் கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகும் என்பது நம் ஆட்களுக்குச் சொல்லியா தர வேண்டும்? பக்கத்து வீட்டுப் பார்வதி அக்கா அங்கே ஒரு வாலைப் பார்த்ததாகச் சொன்னார். தலையைப் பார்த்தாரா என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையே புற்று நாகம்மா ஆகிவிட்டது.

முதலில் மஞ்சள், குங்குமம், ஒரு சிவப்புத் துணி. பிறகு ஒரு டம்ளர் பால். அக்கம்பக்கத்துப் பெண்கள் சேரச் சேர டம்ளர் சொம்பாகி, சொம்பு குடமாயிற்று. கேரித் தீவிலிருந்து ஒரு அம்மா பஸ் ஏறி, தூக்குவாளியில் பாலோடு வந்தார். வேண்டுதல் பலித்ததாம். நான் என்ன சொல்வது?

அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் சொல்லிப் பார்த்தேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். சரோஜா படிக்கட்டில் குறுக்கே நின்றாள்.

"எங்க போறீங்க?"

"புத்த வெட்டப் போறேன். உள்ள தூணு எப்படி இருக்குன்னு பாக்கணும். வீடு சாயுது."

"வீடு சாஞ்சா நிமித்திக்கலாம். அம்மா கோவிச்சுக்கிட்டா எங்க போய் நிப்பீங்க?"

மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டேன். பக்தி இல்லை... பயம். உள்ளே நிஜமாகவே பாம்பு இருந்தால்? எனக்குப் பாம்பென்றாலும் பயம், சரோஜா என்றாலும் பயம். இரண்டில் எது பெரிது என்று கேட்காதீர்கள். அவளும் இந்தப் பத்தியைப் படிக்கிறாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஆபீசிலிருந்து வந்து காபிக்குப் பால் தேடினேன். வீட்டில் ஒரு சொட்டு இல்லை. எல்லாம் கீழே போயிருந்தது. கீழே பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள்; பலகை இடுக்கு வழியாகச் சாம்பிராணிப் புகை மேலே வந்தது. ஃபிரிட்ஜ் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தேன்.

மடக்.

காலுக்கடியில் தரை இறங்கியது. கொஞ்சம்தான். மாடிப்படியில் கடைசிப் படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்தால், படி இல்லாமல் ஒரு கணம் நெஞ்சு நழுவுமே... அவ்வளவுதான்.

அடுத்த அடி வைக்க முடியவில்லை. ஏன் தெரியுமா? எனக்கு நேர் கீழே சரோஜாவின் குரல் கேட்டது. கல்யாணத்துக்குப் பிறகு நான் போட்ட எடை முழுவதும் அவள் சமையல். அந்த எடை இப்போது அவள் தலைக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தது. முன்னால் வைத்தாலும் ஆபத்து, பின்னால் வைத்தாலும் ஆபத்து.

"சரோ... எல்லாரும் வெளிய வாங்க" என்றேன்.

"இருங்க தம்பி, தீபாராதனை காட்டிட்டு வரோம்" என்றார் பார்வதி அக்கா.

"அக்கா, வீடு இறங்குது."

"அம்மா இருக்கா, ஒண்ணும் ஆகாது லா."

மறுபடி மடக். இந்த முறை பாட்டு நின்றது.

"ஏங்க" என்றாள் சரோஜா. "நடக்காதீங்க. மேலருந்து மண்ணு கொட்டுது."

இத்தனை வருடத்தில் அவள் குரல் நடுங்கி நான் கேட்டதில்லை. அவள் ஒவ்வொருவராக வெளியே அனுப்புவது கேட்டது. கேரித் தீவு அம்மாவுக்கு முட்டி வலி, எழவே நேரமானது. நான் ஒற்றைக் காலில் தவம் நின்றேன். கட்டை முனகிக்கொண்டே இருந்தது. இவள் ஏன் முதலில் வரவில்லை என்று அவள் மேல் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. கடைசியில் ஜன்னலுக்கு வெளியே அவளைப் பார்த்தேன். கையில் அணையாத விளக்கு.

அதன் பிறகே நானும் மெல்ல வெளியே இறங்கினேன். அன்று இரவு பார்வதி அக்கா வீட்டு ஹாலில் படுத்தோம். இரண்டு பேரும் தூங்கவில்லை.

மறுநாள் காலை ஆ லோய் வந்தார். சீனர், பழைய வீடுகளைத் தூக்கி நிறுத்தும் காண்டிராக்டர். லோரி நிறைய ஜாக்கியும் கனத்த கட்டைகளும் கொண்டுவந்திருந்தார். டார்ச்சோடு குனிந்து உள்ளே போனவர், போன வேகத்தில் கைகூப்பியபடி பின்பக்கமாகவே வெளியே வந்தார்.

"டத்தோ பூஞ்யா தெம்பாட், பாஸ்" என்றார் மலாயில். டத்தோ என்கிற காவல் தெய்வம் குடியிருக்கிற இடமாம்! சீனர்களும் புற்றைக் கும்பிடுவார்கள் என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

"புற்றை எடுத்துவிட்டால் வேலை செய்ய இடம் கிடைக்குமே" என்றேன், எனக்குத் தெரிந்த மலாயில்.

"நான் தொட மாட்டேன், பாஸ். எனக்கும் பெண்டாட்டி பிள்ளை உண்டு."

லோரியிலிருந்து ஊதுபத்தி எடுத்துக் கொளுத்தி வைத்தார். பிறகு டத்தோவுக்கு இடைஞ்சல் இல்லாமல், புற்றுக்கு இருபுறமும் தள்ளித் தள்ளி ஜாக்கிகளை நிறுத்தி, மெல்ல மெல்லத் தூக்கினார். வீடு முழுக்க நெட்டி முறித்தது. நானும் சரோஜாவும் முற்றத்தில் நின்று பார்த்தோம். எப்போது என் கையைப் பிடித்தாளோ தெரியாது. அவள் நகம் பதிந்த தடம் சாயங்காலம் வரை இருந்தது. மேலே ஃபிரிட்ஜ் கதவு 'டப்' என்று தானாக மூடிக்கொண்டது.

தரைக்கட்டைக்கும் புற்றுக்கும் நடுவே ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது. அடுத்த நிமிடம் புற்று அப்படியே சரிந்து உட்கார்ந்தது.

உள்ளே பாம்பு இல்லை. தூணும் இல்லை.

கறையான் தூணை எப்போதோ தின்று தீர்த்திருந்தது. அது இருந்த இடத்தில் காய்ந்த மண்தான் இத்தனை நாள் எங்கள் வீட்டின் மூலையைத் தாங்கியிருக்கிறது. குனிந்து அடிப்பக்க மண்ணை அள்ளினேன். பிசுபிசுவென்று களியாக வந்தது. மோந்து பார்த்தேன். புளித்த பால்.

எங்களைத் தாங்கிக்கொண்டிருந்ததை நாங்களே வாராவாரம் பால் ஊற்றிக் கரைத்திருக்கிறோம். அதுவும் அதற்கடியிலேயே உட்கார்ந்து, பாட்டுப் பாடிக்கொண்டு! ஞாயிற்றுக்கிழமை நான் அந்தப் புற்றை வெட்டியிருந்தால்... வீட்டு மூலை என் தலையிலேயே இறங்கியிருக்கும்.

"பாத்தீங்களா தம்பி, அம்மாதான் தாங்கிக்கிட்டு இருந்திருக்கா" என்றார் பார்வதி அக்கா.

பயப்படாதே, பயப்படாதே என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். சரோஜா அம்மனுக்குப் பயந்தாள். ஆ லோய் டத்தோவுக்குப் பயந்தார். நான் இல்லாத பாம்புக்குப் பயந்தேன். மூன்று பேர் பயந்த காரணமும் தப்பு. பயந்த இடம் மட்டும் சரி.

ஆ லோய் மற்ற தூண்களையும் தட்டிப் பார்த்து, உளுத்ததை மாற்றி, அடியில் கான்கிரீட் போட்டுக் கொடுத்தார். சாமி மேடைக்குக் கீழே இப்போது சிமெண்டுத் தூண். போன வெள்ளிக்கிழமை பார்க்கிறேன், அதற்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாயிற்று. நான் தடுக்கவில்லை. பாலை மட்டும் ஊற்றாமல், காட்டிவிட்டு மேலே கொண்டுவரச் சொன்னேன். சரோஜா மறுபேச்சுப் பேசாமல் கொண்டுவந்தாள். அவளும் அந்த மடக் சத்தத்தைக் கேட்டவள் அல்லவா?

அந்தப் பாலில்தான் வெள்ளிக்கிழமைக் காபி. அதைக் குடிக்கும்போதும் எங்கள் இருவருக்கும் ஒரு கண் ஃபிரிட்ஜ் கதவு மேலேயே இருக்கிறது.