ஒரே வீட்டில் இரண்டு ஜோதி

என் பெயர் நான் பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிட்டது. என்னைச் சுமந்திருந்த காலத்தில் என் தாயார் தைப்பூசத்தன்று வடலூருக்குப் போயிருக்கிறார். திரைகள் ஒவ்வொன்றாக விலகி ஜோதி தெரிந்தபோது, பிறக்கப்போகும் பிள்ளைக்கு அந்தப் பெயரையே வைப்பதாக வேண்டிக்கொண்டார். பிறப்பது ஆணா பெண்ணா என்பது பற்றி அந்த வேண்டுதலில் ஒரு சொல்லும் இல்லை. எதுவாக இருந்தாலும் ஜோதி. அவ்வளவுதான்.

அப்போது புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் ஆட்சி. மேரி என்று நாங்கள் சொல்லும் நகராட்சி மன்றத்துக்குப் பிறப்பைப் பதியச் சென்ற என் தந்தையாரிடம், எழுத்தர் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு, தயங்காமல் ஆண் என்று எழுதிவிட்டாராம். அந்நாளில் கடலூர்ப் பக்கத்திலும் எங்கள் பக்கத்திலும் அது ஆண்களின் பெயராகவே வழங்கியது. எங்கள் தெருவில் தச்சு வேலை செய்த ஒருவருக்கு அந்தப் பெயர். என்னுடன் கில்லி ஆடிய ஒருவனுக்கும் அதுதான். அந்தப் பெயர் கொண்ட பெண் ஒருவரையும் என் இளமையில் நான் கண்டதில்லை.

அது எப்போது பெண்களிடம் போய்ச் சேர்ந்தது என்று என்னால் திட்டமாகக் கூற இயலாது. என் மகன் பள்ளியில் படித்தபோது அவன் வகுப்பிலிருந்த ஜோதி ஒரு பெண்பிள்ளை. பிறகு ஆண் குழந்தைகளுக்கு அந்தப் பெயரை வைப்பதே ஏறக்குறைய நின்றுவிட்டது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் எங்கள் உழவர்கரை வீட்டுக்குச் செல்போன் வந்து சேர்ந்த புதிதில், ஏதோ திட்டத்தை விற்பதற்காக ஒரு பெண் அடிக்கடி அழைப்பார்.

“ஜோதி மேடம் இருக்காங்களா?”

“மேடம்தாம்மா பேசறேன், சொல்லு” என்பேன், என் கரகரத்த குரலில்.

“சாரி சார்” என்று அவசரமாகச் சொல்லி அழைப்பைத் துண்டித்துவிடுவார். எனக்கு இதில் வருத்தமில்லை. பெண்களும் விரும்பி ஏற்றுக்கொண்டதனால் ஒரு பெயர் ஆணுக்குக் குறைந்துபோய்விடாது என்பதே அன்றும் இன்றும் என் கருத்து.

ஆனால் என் துணைவியாருக்கு அந்தப் பெயரில் வேறொரு சங்கடம் இருந்தது. எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் மனைவி கணவன் பெயரை வாயால் சொல்வதில்லை. இவர் அந்த வழக்கத்தை மிகவும் கண்டிப்பாகக் காத்தவர். கணவன் பெயரை மருத்துவமனையில் கேட்டால் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்வார். யாருமில்லாவிட்டால், “வடலூர்ல என்னாத்தப் பாக்கப் போவாங்க? அதாங்க” என்பார். வடலூர்க் கூட்டத்தில் அனைவரும் உரக்க ஜோதியைப் போற்றும் வேளையிலும் இவர் அந்த ஒரு சொல் வரும்போது மட்டும் உதடுகளை மூடிக்கொண்டு கைகூப்பி நிற்பார். மணமாகி இத்தனை ஆண்டுகளில் என் பெயரை அவர் குரலில் நான் கேட்டதே இல்லை.

இப்படிப்பட்டவருக்கு மருமகளாக ஒரு ஜோதி வாய்த்தாள்.

தவளக்குப்பத்தைச் சேர்ந்த பெண். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தில் சரக்கின் தரம் பார்க்கும் வேலையில் இருந்தாள். ஜாதகம் பொருந்தியது, என் மகனுக்கும் பிடித்துவிட்டது. பெயர் ஒன்றுதான் இடித்தது. நிச்சயதார்த்தத்துக்குத் தட்டு மாற்ற உட்கார்ந்திருந்த இடத்தில் என் தமக்கையார் அந்தப் பேச்சை எடுத்தார்.

“ஏன் தம்பி, பொண்ணுக்கும் ஓன் பேரு. ஓம் பொண்டாட்டி மருமவள எப்படிக் கூப்புடுவா? வாய்க்குள்ளயே போட்டு முழுங்கிக்குவாளா? பேசாம லட்சுமின்னு மாத்திடுங்க.”

பெண்ணின் தந்தையார் தலையசைக்கப் போனார். அதற்குள் பெண்ணே பேசினாள்.

“எங்கம்மா வடலூர்ல வேண்டிக்கிட்டு வச்ச பேருங்க இது. நீங்க லட்சுமின்னு கூப்புடுங்க, வேணாங்கல. ஆனா நான் திரும்ப மாட்டேன்.”

“ஏய், பெரியவங்க எதுக்க என்னா பேச்சு இது?” என்று தந்தையார் அதட்டினார்.

“திமிருக்குச் சொல்லலப்பா. பழக்கமில்ல, அதான்.”

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. என் தமக்கையார் சிரிக்கவில்லை. நான் சொன்னேன்: “அக்கா, எனக்கு எப்படி இந்தப் பேரு வந்துதோ, அதே மாதிரிதான் அதுக்கும் வந்துருக்குது. எம்பேர யாரும் மாத்தச் சொல்லல. அத மட்டும் ஏன் மாத்தணும்?”

திருமணப் பத்திரிகை அவள் பெயரிலேயே அச்சாகட்டும் என்று தீர்மானமாயிற்று. அச்சகத்திலிருந்து வந்த முதல் படியில் மணமகனின் தந்தையாகிய என் பெயருக்கு முன் ‘திருமதி’ போட்டிருந்தார்கள். திருத்தி அனுப்பினேன். வீட்டுக்குள் அழைப்பதற்கு மட்டும் என் தமக்கையார் விருப்பப்படி லட்சுமி.

மணமான பின் எங்கள் வீட்டில் ஒரு விசித்திரமான வாழ்க்கை தொடங்கியது. என் துணைவியார் “லட்சுமி” என்பார். அடுக்களையில் பாத்திரம் தேய்க்கும் ஓசை நிற்காது. “இந்தாம்மா” என்றால்தான் மருமகள் எட்டிப்பார்ப்பாள். என் மகனும் நானும் அவளை ஜோதி என்றே அழைத்தோம். ஒருநாள் அவள் என்னிடம் தனியே கேட்டாள்:

“மாமா, அத்தைக்கு எம்மேல கோவமா?”

“கோவமில்லம்மா, வழக்கம்.”

“வேலைக்குப் போனா அங்க ஜோதி. வூட்டுக்கு வந்தா யாரோ ஒரு பொண்ணு. புகுந்த வூட்டுல எம்பேரு சொல்லி அத்தை ஒருவாட்டி கூப்புட்டா தேவலாம்னு இருக்குது மாமா.”

அவள் கண்கள் கலங்கியிருந்தன. வேடிக்கையாக அவள் தொடங்கிய பிடிவாதம் அவளுக்கே பாரமாகிவிட்டிருந்தது. என் துணைவியாரிடம் எடுத்துச் சொன்னேன். “எனக்கு மட்டும் ஆசையில்லியா? வாய் வரலியே, என்னா பண்ணச் சொல்றீங்க?” என்றார் அவர். அதற்குமேல் வற்புறுத்துவது முறையாகாது என்று விட்டுவிட்டேன்.

அந்த ஆண்டு தைப்பூசத்துக்கு முதல் நாள் தவளக்குப்பத்தில் சம்பந்தி வீட்டில் தங்கி, காலையில் நாங்கள் மூவரும் வடலூருக்குப் புறப்பட்டோம். மகனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. கடலூர்ச் சாலைச் சந்திப்பில் சிறப்புப் பேருந்து வந்து நின்றது. உள்ளே கூட்டம் நெருக்கியது. என் துணைவியார் சன்னல் வழியே பையைப் போட்டு இடம் பிடித்து, எனக்கும் இடம் தேடித் தந்தார். பிறகு பார்த்தால் மருமகளைக் காணோம். சாலைக்கு அந்தப் பக்கம் பூக்காரியிடம், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மல்லிகைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

நடத்துனர் விசில் ஊதினார்.

“ஏய் இந்தாம்மா! லட்சுமி! ஏ லட்சுமி!” என்று என் துணைவியார் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கூவினார். அவள் திரும்பவில்லை. பேருந்து அசைந்தது.

“ஜோதீ!”

அந்தக் குரல் சந்திப்பு முழுவதும் கேட்டிருக்கும். தேநீர்க் கடை வாசலில் நரைத்த மீசையுடன் ஒரு பெரியவர் கண்ணாடிக் குவளையும் கையுமாகத் திரும்பினார். சைக்கிளில் போன பள்ளிச் சிறுமி ஒருத்தி காலை ஊன்றி நின்றாள். பேருந்துக்குள் நான் இருக்கையிலிருந்து எழுந்தே விட்டேன். பூக்காரியிடம் நின்ற மருமகளும் திரும்பினாள். பூப்பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சாலையைக் கடந்து ஓடிவந்து ஏறினாள்.

“முன்னால கூப்புட்டது காதுல வுழுலியாடி?” என்று மூச்சு வாங்கக் கேட்டார் என் துணைவியார்.

“நீங்க எப்பக் கூப்புட்டீங்க அத்தே? இப்பதானே கூப்புட்டீங்க.”

முதலில் கூப்பிட்டது அவளுக்கு உண்மையிலேயே கேட்கவில்லையா என்பதை நான் இன்றுவரை அவளிடம் கேட்டதில்லை. அவள் பூவைக் கிள்ளி மாமியார் தலையில் வைக்க முயன்றாள். என் துணைவியாரோ கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார். போட்டு முடித்ததும் அருகில் இழுத்து உட்காரவைத்தார். “இனிமே சொன்ன எடத்துல நில்லு, ஜோதி” என்றார். இரண்டாம் முறை அந்தச் சொல் அவ்வளவு சத்தமாக வரவில்லை. ஆனால் தடங்கலின்றி வந்தது.

நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன். அத்தனை ஆண்டுகளில் முதன்முறையாக அந்தக் குரலில் என் பெயரைக் கேட்டவன் உட்கார மறந்துவிட்டேன்.

என் துணைவியார் நிமிர்ந்து பார்த்தார்.

“ஒங்கள யாரு கூப்புட்டா? பஸ் போவுதுல்ல, உக்காருங்க.”

உட்கார்ந்தேன்.