காலியிடத்தில் மஞ்சள்

ஆயுதபூஜைக்காக ஓசூர் கம்பெனியில் லேத் மெஷினுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தேன். அந்த ஈர வாசனை என்னைக் கிருஷ்ணகிரி ரோட்டோரம் இருந்த பழைய சர்ச்சுக்கு, உலகப் போருக்குப் போய்த் திரும்பாத ஊர்க்காரர்களின் பெயர்களை வெட்டிய கல்லின் முன்னால், கொண்டுபோய் நிறுத்தியது.

கல்லின்மேல் சிறகு விரித்துக் குனிந்திருந்த தேவதையின் கையில் ஓர் இறகுப் பேனா இருக்கும். அதன் முனை, கடைசிப் பெயருக்குக் கீழே வழவழவென்று காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்து நீண்டிருக்கும். நான் சிறுமியாக இருந்த அந்த நாளில் அப்பா பட்டாளத்தில் இருந்தார். சண்டை என்று ரேடியோவில் சொன்னதிலிருந்து அம்மா மஞ்சள் கிண்ணத்தோடு தினமும் என்னை அங்கே இழுத்துப்போவாள்.

"எடமிருந்தாத்தானே எழுதுவா? சந்து வுடாம பூசுடி" என்று அந்தக் காலி இடத்தைக் காட்டுவாள்.

சர்ச் உபதேசியார் பார்த்தும் பாராததுபோல் போய்விடுவார். நான் தேவதையை நிமிர்ந்து பார்க்கப் பயந்து, குளிர்ந்த கல்லில் விரல்களால் பூசுவேன். மழை பிடித்துக்கொண்டால், மஞ்சள் கரைந்திருக்குமே என்று மறுபடி கிண்ணத்தோடு ஓடுவேன்.

அப்பா திரும்பி வந்தார். பின்னால் ரோட்டை அகலப்படுத்தியபோது சர்ச்சோடு அந்தக் கல்லும் போய்விட்டது.

இப்போது என் மகன் எல்லையில் இருக்கிறான். லேத்துக்குப் போக மிஞ்சிய மஞ்சள் கையிலேயே காய்கிறது. அந்தத் தேவதை இப்போது எங்கே குனிந்திருக்கிறாள் என்று யாரைப் போய்க் கேட்பேன்?