குணசேகரனின் விமானமும் பக்கத்து வாழையும்

வலங்கைமான் குணசேகரன் விமானம் வாங்கிவிட்டதாகப் பேச்சு. போய்ப் பார்த்தேன், வயலுக்கு மருந்தடிக்கும் ட்ரோன். இன்சூரன்ஸ் மட்டும் விமானத்துக்குரிய மிடுக்கோடு எடுத்திருந்தார்.

போன மாதம் நெல்லுக்கு அடித்த களைக்கொல்லி காற்றில் போய், பக்கத்து வயல் பஞ்சநதத்தின் வாழையைச் சுருட்டிவிட்டது. “கவலைப்படாதீங்க மாமா, கம்பெனி குடுத்துடும்” என்று பாலிசியை நம்பி வாக்குக் கொடுத்துவிட்டார் குணசேகரன். கம்பெனியோ, ட்ரோன் விழுந்து அடுத்தவர் பொருள் சேதமானால்தான் தருவோம், மருந்து பறந்ததற்குக் கிடையாது என்றது.

“அப்ப அது வாழை மேலயே விழுந்து தொலைச்சிருக்கலாமேப்பா,” என்றார் பஞ்சநதம்.

“அடுத்த போகம் உங்க வயலுக்குச் சும்மா அடிச்சுத் தரேன் மாமா.”

“அந்தச் சனியன் என் வரப்பைத் தாண்டக் கூடாது.”

குணசேகரன் தினமும் சங்கடத்தோடு பேட்டரிக்குச் சார்ஜ் போடுகிறார். ஊருக்கெல்லாம் அடித்தாயிற்று. மாமாவுக்கு அடிக்க வேண்டியது மட்டும் பாக்கி நிற்கிறது.