மாஸ்க்கைக் கழற்றிய அத்தை

கல்யாணம் காட்சி என்று எதுவும் அமையாத அந்தக் குழந்தைகள் வார்டு நர்ஸுக்குத் தம்பி மகள் என்றால் உயிர். அந்த உயிரோ அவளைக் கண்டாலே வீலென்று கத்தும். எல்லாம் மாஸ்க்கால் வந்த வினை என்று நினைத்தாள். குளிர்காலம் பிறந்தால் அவள் வார்டில் கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவர்களுக்கு வெறும் ஜலதோஷமாக வந்து போகிற வைரஸ், கைக்குழந்தைகளுக்கு மூச்சையே முட்ட வைத்துவிடும். அங்கிருந்து வருகிறவள் மாஸ்க் இல்லாமல் பிள்ளையைத் தொடுவாளா?

தம்பி மனைவியின் தங்கை, பிள்ளையின் சித்திக்காரிக்கு அந்தத் தொல்லை இல்லை. தையல் கடையில் வேலை. நினைத்தபோது வருவாள், பிள்ளையும் தாவும். அப்படி என்னதான் சொக்குப்பொடி போட்டாளோ! நர்ஸுக்கு வயிறு எரிந்தது. ஒருநாள் சித்தி தும்மினாள், அவ்வளவுதான். சளி விடுகிற வரை இந்தப் பக்கமே வரக்கூடாது என்று நர்ஸ் கறாராகச் சொல்லிவிட்டாள். சொன்னது நியாயம்தான். ஆனால் சொல்லும்போது அவளுக்கு இனித்ததே, அதுதான் வம்பு.

மறுநாள் அவளுக்கே தொண்டை கரகரத்தது. தூசியாக இருக்கும் என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டு, தம்பி மனைவி அடுக்களையில் இருந்த நேரம் பார்த்து மாஸ்க்கைக் கழற்றினாள். குழந்தை அவள் மூக்கைப் பிடித்துப் பார்த்துச் சிரித்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. முத்தமாகக் கொடுத்துத் தீர்த்தாள்.

அந்த வாரமே குழந்தைக்கு இளைப்பு கண்டது. அதே வார்டில், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு படுக்கவைத்தார்கள். எல்லாம் அந்தத் தும்மலால்தான் என்று தம்பி மனைவி தன் தங்கையைக் கரித்துக்கொட்டினாள்; உள்ளே விடவே கூடாது என்றாள். வாயைத் திறந்தால் பிள்ளையை இனி தன் கையில் தரமாட்டார்கள் என்று நர்ஸ் கல்லாக நின்றாள்.

குழந்தை அழுது அழுது குழாயைப் பிடுங்கியது. அழ அழ மூச்சு இன்னும் வாங்கியது. தாய் கைக்கும் அடங்கவில்லை, அத்தை கைக்குக் கேட்கவே வேண்டாம்.

"உன் தங்கச்சியைக் கூப்பிடு," என்றாள் நர்ஸ். "தும்மினது அவ. ஒட்டவச்சது நான். தொண்டை சரியில்லைன்னு தெரிஞ்சும் மாஸ்க்கைக் கழட்டிட்டுக் கொஞ்சினேன்."

"நீங்களா அண்ணி?" என்றாள் தம்பி மனைவி. உடனே தங்கைக்குப் போன் போட்டாள்.

அதற்குள் சளி விட்டுப்போயிருந்த சித்தி, வார்டு விதிப்படி மாஸ்க் போட்டுக்கொண்டு வந்தாள். கண் மட்டும்தான் தெரிந்தது. குழந்தை இரண்டு கையையும் நீட்டி அவளிடம் தாவியது.

தோளில் சாய்ந்ததும் மூச்சு மெல்ல அடங்கியது. நர்ஸ் குழாயைச் சரிசெய்தாள். நிம்மதியாகத்தான் இருந்தது, வயிறும் எரிந்தது.